பனிக்கு அஞ்சாத பனை

உத்தராகண்ட் மாநிலத்தின் கிழக்கெல்லையில், நேபாளத்தை ஒட்டி அமைந்துள்ளது பித்தோராகட் மாவட்டம். அங்குள்ள தாகில் மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டருக்கும் மேலே, கருவாலி மரங்களுக்கிடையே ஒரு பனையினம் இயற்கையாக வளர்கிறது. குளிர்காலத்தில் அம்மலைச் சரிவுகளில் வெண்பனி படிகிறது. விசிறி போன்ற ஓலைகளின் மீதும் அது படிகிறது. வெயில் ஏறியதும் பனி உருகி வழிய, மரம் பசுமை குன்றாமல் நிற்கிறது. இத்தாலியத் தாவரவியலாளர் ஒடோவார்தோ பெக்காரி 1905ஆம் ஆண்டில் இதற்கு அம்மலையின் பெயரையே சேர்த்து, டிராக்கிகார்ப்பஸ் தாகில் என்று பெயரிட்டார். குமாவோன் பனை என்பது அதன் வழக்குப் பெயர்.

தென்னையும் பனையும் கமுகும் ஈச்சையும் வெப்பநாட்டின் செல்வங்கள் என்றே நாம் எண்ணிப் பழகியுள்ளோம். அவ்வெண்ணம் பெரும்பாலும் சரியே. எனினும் அக்குடும்பத்தில் ஏறத்தாழ இரண்டாயிரத்தைந்நூறு இனங்கள் உள்ளன. அவற்றுள் ஒரு சிறு பிரிவு கடுங்குளிரையும் தாங்க வல்லது. இன்று டெல்லி, சண்டிகர், டேராடூன், சிம்லா, டார்ஜிலிங் போன்ற ஊர்களில் வீட்டு முற்றங்களிலும் விடுதி வாயில்களிலும் அலுவலக வளாகங்களிலும் பனைக் குடும்ப மரங்களை நடும் வழக்கம் பெருகி வருகிறது. அவற்றை விற்கும் நாற்றங்கால் தொழிலும் உடன் வளர்கிறது. அத்தொழிலுக்குக் கடன் கேட்டு வருவோரும் உளர். ஆகவே எந்த மரம் எந்தக் குளிரைத் தாங்கும் என்பது தோட்டக் கலைஞரின் கவலை மட்டுமன்று. சேமிப்பைப் போட்டுத் தொழில் தொடங்குவோரின் கவலையும், அதற்குக் கடன் வழங்கும் வங்கியின் கவலையும் ஆகும்.

ஒரே ஒரு குருத்து

மா, வேம்பு முதலிய மரங்களுக்குக் கிளைகள் பல. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் வளரும் மொட்டு உண்டு. உறைபனியில் மேற்கிளைகள் கருகினாலும் அடிமரத்திலிருந்து புதிய தளிர் எழும். பனைக் குடும்பத்தின் அமைப்பு வேறு. ஒற்றைத் தண்டுடைய பனைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. உச்சியில், இளங்குருத்துக்கு உள்ளே, ஓலைகளின் அடிமட்டைகள் சூழ அது மறைந்திருக்கிறது. அது இறந்தால் மரம் இறந்தது. மீண்டும் துளிர்ப்பதற்கு வேறு இடம் அதற்கு இல்லை.

மேலும், மற்ற மரங்களின் பட்டைக்கடியில் உள்ள வளர்படலம் பனைக்கு இல்லை. ஆதலால் தண்டில் ஏற்பட்ட காயம் ஆறி மூடுவதில்லை. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் வைரம் பாய்ந்தவற்றைப் புல் என்றும், உட்புறம் வைரம் பாய்ந்தவற்றை மரம் என்றும் பிரித்தது. அப்பிரிவின்படி பனையும் தென்னையும் புல்லினத்தைச் சேர்ந்தவை. இன்றைய தாவரவியலும் அவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களாகவே கொள்கிறது. வேம்புக்குச் செய்யும் குளிர்காப்பு பனைக்கு ஏன் போதாது என்பதற்கு இந்த உடலமைப்பே விடை.

குளிர் மூன்று வகையில் பனையைத் தாக்குகிறது. முதலாவது, நீடித்த தாழ்வெப்பம். உறைபனி இல்லாவிடினும் பல வாரங்கள் குளிர் தொடர்ந்தால் வேர்கள் நீரையும் உணவையும் எடுக்க இயலாமல் ஓலைகள் மஞ்சளாகும். தென்னைக்கு நேர்வது பெரும்பாலும் இதுவே. இரண்டாவது, உறைபனி. உயிரணுக்களுக்கு இடையே உள்ள நீர் உறையும்போது உள்ளிருக்கும் நீர் வெளியே இழுக்கப்பட்டு, சவ்வுகள் சிதைந்து, திசு கருகுகிறது. மூன்றாவது, உச்சியில் தேங்கும் ஈரம். மழைநீரும் பனிநீரும் குருத்தின் அடியில் தங்கி உறைந்து, புண்ணாகி, அதன் வழியே பூஞ்சணமும் நுண்ணுயிரியும் நுழைகின்றன. உலர்ந்த குளிரைத் தாங்கும் இனம், அதே அளவான ஈரக்குளிரில் அழிந்துபோவது இதனாலேயே. பனி விலகிப் பல வாரங்கள் கழித்து, பங்குனி வெயிலில் மரம் பட்டுப்போவதற்கும் இதுவே காரணம். வெயிலால் வாடியதென்று மக்கள் கருதுவர்; ஆனால் அது மார்கழியிலேயே மாண்டிருக்கும்.

சராசரி என்னும் மயக்கம்

கடன் மனுக்களில் ஊரின் தட்பவெப்பம் பற்றிய பத்தியில் பெரும்பாலோர் சராசரி வெப்பநிலையையே எழுதுகின்றனர். பனையைப் பொறுத்தவரை சராசரியால் பயன் குறைவு. ஆண்டின் முந்நூற்று அறுபத்து நான்கு இரவுகள் இதமாக இருந்து, ஓர் இரவு மட்டும் உறைந்தாலும், அந்த ஓர் இரவே கணக்கை முடித்துவிடும். ஆகவே கேட்க வேண்டிய வினா, கடந்த பத்து, இருபது ஆண்டுகளில் இவ்வூரில் இறங்கிய மிகக் குறைந்த வெப்பநிலை எவ்வளவு என்பதே.

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழ் இறங்கினால் அது குளிரலை. 2 டிகிரி அல்லது அதற்குக் கீழ் இறங்கினால் கடுங்குளிரலை. இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். வானிலை நிலையத்தின் வெப்பமானி, தரையிலிருந்து ஆள்மட்ட உயரத்தில் மரப்பெட்டிக்குள் வைக்கப்பட்டிருக்கும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து, அந்த உயரத்தைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். எனவே செய்தியில் 3 டிகிரி என்று அறிவிக்கப்பட்ட இரவிலும் தரைமட்டத்தில் உள்ள நாற்றுகளின் மீது உறைபனி படியக்கூடும். இராஜஸ்தானத்தின் சூரு, அரியானாவின் ஹிசார், பஞ்சாபின் அமிர்தசரஸ் ஆகிய ஊர்களின் உழவர்கள் 'பாலா' என்று அஞ்சுவது இந்த உறைபனியையே.

மலைப்பகுதியில் வேறொரு விதியும் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. அது நீரைப்போல் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே ஓடைக்கரையில் உள்ள கீழ்ப்படிக்கட்டு நிலத்தைவிட, அதற்கு மேலே சரிவின் நடுவில் உள்ள நிலம் இரவில் சற்று வெம்மையாக இருக்கும். உயரம் ஏற ஏறக் குளிர் மிகும் என்ற பொதுவிதி, தெளிந்த இரவில் ஒரு சிறு பள்ளத்தாக்குக்குள் தலைகீழாகிறது.

எது எவ்வளவு தாங்கும்?

கீழே தரப்படும் அளவுகள் நன்கு வேரூன்றிய, வளர்ந்த மரங்களுக்கானவை, தோராயமானவை. இளங்கன்றுகள் இவற்றைவிடக் குறைவாகவே தாங்கும்.

தென்னை: 10 டிகிரிக்குக் கீழே நெடுநாள் நீடித்தால் நலிவுறும்; உறைபனியில் மடியும். ஊரிலிருந்து ஆசையோடு டெல்லிக்குக் கொண்டு செல்லப்படும் தென்னங்கன்றுகளில் பல, முதல் இரண்டு குளிர்காலங்களைக் கடப்பதில்லை.

நம் பனை: ஓரளவு குளிரைப் பொறுக்கும். பீகாரிலும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலும் 'தாட்' என்னும் பெயரில் செழித்து வளர்ந்து, கள்ளும் நுங்கும் தருகிறது. கடும் உறைபனி நிலவும் வடமேற்கில் அது அரிது.

ராயல் பனை: வட இந்திய நாற்றங்கால்களில் 'பாட்டில் பாம்' என்றும் விற்கப்படுவது. வழுவழுப்பான வெண்தண்டால் பலரையும் கவரும். சுழியத்துக்குக் கீழே 2 டிகிரி அளவிலேயே பெருஞ்சேதம் அடையும்.

வாஷிங்டோனியா: அமெரிக்கத் தென்மேற்குப் பாலைப்பகுதியையும் மெக்சிகோவையும் தாயகமாகக் கொண்டது. இதில் இரு இனங்கள். மெலிந்து உயரும் ரோபஸ்டா சுழியத்துக்குக் கீழே 5, 6 டிகிரி வரையிலும், பருத்த தண்டுடைய ஃபிலிஃபெரா 8, 9 டிகிரி வரையிலும் உலர்ந்த குளிரைத் தாங்கும். ஈரக்குளிரில் இரண்டுமே தளரும்.

பேரீச்சை: வளர்ந்த மரம் சுழியத்துக்குக் கீழே 6, 7 டிகிரி வரை தாங்கும், ஓலைகள் கருகினாலும் குருத்து பிழைக்கும்.

காமிராப்ஸ்: மத்தியதரைக் கடற்கரையின் குட்டைப் பனை. அடியிலிருந்து பல தண்டுகள் கிளைப்பதால், ஒன்று இறந்தாலும் மற்றவை பிழைக்கும். சுழியத்துக்குக் கீழே 8, 9 டிகிரி வரை தாங்கும்.

காற்றாலைப் பனை: டிராக்கிகார்ப்பஸ் ஃபார்ச்சூனி என்பது இதன் தாவரவியல் பெயர். குமாவோன் பனையின் நெருங்கிய உறவினம். வளர்ந்த மரம் சுழியத்துக்குக் கீழே 12 டிகிரிக்கும் அப்பால் தாங்கும். நம் மலை நகரங்களுக்கு மிகவும் ஏற்றது இதுவே.

இந்தக் காற்றாலைப் பனையின் வரலாறு இந்தியாவோடு தொடர்புடையது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் ஃபார்ச்சூன் 1840களில் தாவரங்கள் தேடிச் சீனா சென்றவர். சீனக் கடலோரத்துச் சூசான் தீவில் இப்பனையைக் கண்டார். அங்குள்ள உழவர்கள் அதன் தண்டைச் சுற்றியுள்ள நாரைக்கொண்டு கயிறும் மழைக்காப்பு மேலாடையும் செய்து வந்தனர். அவர் அனுப்பிய கன்றுகள் இங்கிலாந்தின் திறந்தவெளியில் உயிர் பிழைத்தன. அவருடைய பெயரே மரத்துக்கு அமைந்தது. அதே ஃபார்ச்சூன்தான் 1848 முதல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை ஆயிரக்கணக்கில் இமயமலைத் தோட்டங்களுக்குக் கொண்டு சேர்த்தவர். இன்று இப்பனை சுவிட்சர்லாந்தின் தென்கோடியான டிசினோ மாநிலத்தில், காடுகளில் தானே முளைத்துப் பரவும் அளவுக்கு வேரூன்றிவிட்டது.

இக்குலத்தைச் சேர்ந்த வேறு இரு இனங்களும் நம் நாட்டுக்குரியவையே. மேகாலயத்தின் காசி மலைகளில் மார்ட்டியானஸ் என்னும் இனமும், டார்ஜிலிங், காலிம்போங் மலைகளில் லாட்டிசெக்டஸ் என்னும் இனமும் வளர்கின்றன. பின்னது டார்ஜிலிங் நகரின் பழைய விடுதியான விண்டமேரின் பெயரால் 'விண்டமேர் பனை' என்றே வழங்கப்படுகிறது. குளிர்நாட்டுத் தோட்டங்களுக்கு ஏற்ற பனைகளைத் தேடி வெளிநாட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. அவை நம் மலைகளிலேயே உள்ளன.

ஒரு கடன் மனுவின் கதை

குமாவோன் மலைப்பகுதியில் யான் பணியாற்றிய கிளைக்கு, படைப்பணியிலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் வந்தார். ஓய்வூதியப் பலன்களின் ஒரு பகுதியோடு வங்கிக் கடனும் சேர்த்து, அலங்காரப் பனை நாற்றங்கால் அமைப்பது அவர் திட்டம். சுற்றுலா விடுதிகள் பெருகிவந்த காலம் அது, தேவை இருந்தது. 1,600 மீட்டர் உயரத்தில் அவருக்குச் சொந்த நிலமும் இருந்தது. மனுவோடு இணைத்திருந்த கன்றுப் பட்டியலைச் சமவெளி வணிகர் ஒருவர் தயாரித்துக் கொடுத்திருந்தார். அதில் பாதிக்கு மேல் ராயல் பனையும் நரிவால் பனையும் இருந்தன. இரண்டுமே சமவெளியில் நன்கு விற்பவை; மலையில் ஒரு தை மாதத்தைத் தாண்டாதவை.

நிலத்தைப் பார்வையிட ஜனவரி மாதக் காலை ஏழு மணிக்கு வருவதாகக் கூறினேன். "அந்த நேரத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, மேனேஜர் சாஹேப்? வெயில் வந்தபின் வாருங்கள், தேநீர் அருந்திவிட்டுப் போகலாம்" என்றார். "வெயில் வந்தால் நான் காண வேண்டியது உருகிப்போகும், சுபேதார் சாஹேப்" என்றேன். மறுநாள் காலை இருவரும் ஓடைக்கரையில் நின்றோம். நாற்றங்காலுக்கென அவர் ஒதுக்கியிருந்த கீழ்ப்படி நிலம் முழுவதும் உப்புத் தூவியதுபோல் வெளுத்திருந்தது. நான்கு படிகள் மேலே, அவர் கோதுமை விதைத்திருந்த நிலத்தில் அந்த வெண்மை இல்லை. அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இருபத்தெட்டு ஆண்டுச் சம்பளத்தை இந்தப் பள்ளத்தில் இறக்கியிருப்பேன்" என்றார்.

மனு திருத்தப்பட்டது. நாற்றங்கால் மேற்படி நிலத்துக்கு மாறியது. கோதுமை கீழே இறங்கியது. பட்டியலில் காற்றாலைப் பனை முதன்மை பெற்றது. சிறிதளவு காமிராப்ஸும் வாஷிங்டோனியாவும் சேர்க்கப்பட்டன. கடன் இரு தவணைகளாக வழங்கப்பட்டது. முதல் குளிர்காலத்தைக் கன்றுகள் கடந்த பின்னரே இரண்டாம் தவணை. அந்தக் குளிர்காலத்தில் வாஷிங்டோனியாக் கன்றுகளில் பெரும்பகுதி கருகியது. காற்றாலைப் பனையில் இழப்பு மிகச் சிறிதே. முழுத் தொகையும் முதல் ஆண்டிலேயே செலவாகியிருந்தால் அவ்விழப்பை ஈடுசெய்ய அவரிடம் ஒன்றும் மிஞ்சியிருக்காது. இரண்டாம் தவணை கையில் இருந்ததால், பட்டியலை மறுபடியும் திருத்திக்கொள்ள முடிந்தது.

காப்புச் செலவு வீண் செலவா?

குளிர்காப்புக்கு ஆகும் செலவைப் பலர் வீண் என்று எண்ணுகின்றனர். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். கன்று ஒன்று ரூ. 400 வீதம் 1,000 கன்றுகளுக்கு ரூ. 4,00,000 கடன். ஆண்டுக்கு 10 விழுக்காடு தனிவட்டி என்றும், மூன்று ஆண்டுகள் கழித்தே விற்பனை என்றும் கொள்வோம். வட்டி ரூ. 1,20,000. ஆக அடக்கம் ரூ. 5,20,000, கன்று ஒன்றுக்கு ரூ. 520. பராமரிப்பு முதலிய பிற செலவுகளை இங்கே சேர்க்கவில்லை.

இடையில் உறைபனியால் 300 கன்றுகள் மடிந்தால், அதே ரூ. 5,20,000 மீதமுள்ள 700 கன்றுகளின் மேல் ஏறும். கன்று ஒன்றின் அடக்கம் ஏறத்தாழ ரூ. 743. மாறாக, கன்றுக்கு ஒரு குளிர்காலத்துக்கு ரூ. 30 வீதம் மூன்று குளிர்காலங்களுக்குக் காப்புச் செலவு செய்து அனைத்தையும் பிழைக்க வைத்தால், அடக்கம் ரூ. 610 மட்டுமே. இக்கணக்கின்படி, நூற்றுக்குப் பதினைந்து கன்றுகளையேனும் காப்பாற்றினால் காப்புச் செலவு தன்னை ஈடுகட்டிவிடும். தாங்கள் தங்கள் ஊரின் விலைகளைக் கொண்டு இக்கணக்கைப் போட்டுப் பார்த்தபின் கிளைக்கு வந்தால், மனு பாதி முடிந்ததற்குச் சமம்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீடு அந்தந்த மாநிலம் அறிவிக்கை செய்த பயிர்களுக்கும் பகுதிகளுக்கும் மட்டுமே பொருந்தும். அலங்காரக் கன்றுகள் அதில் அடங்கும் என்று தாமே முடிவுசெய்துகொள்ளாமல், முன்கூட்டியே கேட்டறிதல் நலம். தேசியத் தோட்டக்கலை வாரியம் நாற்றங்கால்களுக்குத் தரச்சான்று அளிக்கிறது. சான்று பெற்ற நாற்றங்காலில் கன்று வாங்கினால் இனம் மாறிப்போகும் இடர் குறையும். காற்றாலைப் பனையும் குமாவோன் பனையும் இளமையில் ஒத்த தோற்றமுடையவை என்பதால் பெயர் மாறி விற்கப்படுவதுண்டு.

நடுவதும் காப்பதும்

காலம்: மலையில் மார்ச், ஏப்ரல் மாதங்களிலோ மழைக்காலத் தொடக்கத்திலோ நட வேண்டும். பனையின் அறுபட்ட வேர்கள் பல மடிந்து, தண்டின் அடியிலிருந்து புதியவை எழும். அதற்கு மண்ணில் வெம்மை தேவை. அக்டோபருக்குப் பின் நட்ட கன்று, வேரின்றியே குளிரைச் சந்திக்கும்.

இடம்: தெற்கு அல்லது தென்கிழக்கு நோக்கிய சுவரின் ஓரம் சிறந்தது. பகலில் வெயிலை வாங்கிய சுவர் இரவில் வெம்மையை மெல்ல விடும். நீர் தேங்காத மண் இன்றியமையாதது. களிமண்ணாயின் மேடு கட்டி நடுக.

உரம்: செப்டம்பருக்குப் பின் தழைச்சத்து வேண்டா. அது தரும் இளந்தளிரே முதலில் கருகும். குளிருக்கு முன் சாம்பல்சத்து இடுவது திசுக்களுக்கு வலுவூட்டும்.

நீர்: உறைபனி எதிர்பார்க்கப்படும் நாளில் பகலிலேயே மண்ணுக்கு நீர் பாய்ச்சுக. ஈரமண் உலர்மண்ணைவிட மிகுதியான வெப்பத்தைத் தேக்கி வைத்து இரவில் வெளிவிடும். உச்சிக் குருத்தில் நீர் படாமல் பார்த்துக்கொள்க.

காப்பு: இளங்கன்றைச் சுற்றி மூன்று பக்கமும் வைக்கோலாலோ நாணலாலோ தட்டி கட்டி, தென்கிழக்கை மட்டும் வெயிலுக்காகத் திறந்துவிடுவது வட இந்திய உழவரின் நெடுநாள் வழக்கம். வளர்ந்த மரமாயின், ஓலைகளை மேல்நோக்கிச் சேர்த்துக் கட்டி, குருத்தைச் சாக்கால் போர்த்தலாம். பிளாஸ்டிக் தாள் ஓலையைத் தொட்டுக்கொண்டிருந்தால் தொட்ட இடமெல்லாம் கருகும். உள்ளே ஈரமும் அடைபடும். போர்வையை வெயில் நேரத்தில் விலக்கிவிட வேண்டும்.

கத்தரித்தல்: குளிர்காலத்தில் ஓலை வெட்டலாகாது. கருகிய ஓலையும் குருத்துக்குப் போர்வையே. காற்றாலைப் பனையின் தண்டைச் சுற்றியுள்ள நார், அழகுக்காகச் சிலர் உரித்தெடுக்கும் அந்த நார், மரம் தனக்குத் தானே நெய்துகொண்ட கம்பளி ஆகும்.

பிழைத்ததா என்று அறிதல்: பனிக்குப்பின் நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பார்க்கவும். கையோடு வந்துவிட்டால் அடியில் அழுகல் உள்ளது. உடனே மரத்தை வெட்டிவிட வேண்டா. அழுகிய பகுதியை நீக்கி, நீரை வடித்து, தாமிரம் கலந்த பூஞ்சணக் கொல்லியைக் குருத்துக் குழியில் அளவாக ஊற்றி, மேலே மழை படாமல் மூடி, கோடை முழுவதும் காத்திருக்கவும். வளரும் முனை பிழைத்திருந்தால் புதிய ஓலை மெல்ல மேலெழும்.

குளிரே வருவாயாகும் இடங்கள்

குளிர் எல்லா இடத்திலும் பனைக்குப் பகை என்று கொள்ளவேண்டியதில்லை. மேற்கு வங்காளத்தில் ஈச்சமரத்தின் பதநீரே குளிர்காலச் செல்வம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை, 'சியூலி' எனப்படும் தொழிலாளர்கள் தண்டின் உச்சியருகே சீவி, இரவெல்லாம் வடியும் நீரை விடியுமுன் இறக்குகின்றனர். வானம் தெளிந்து குளிர் மிகுந்த இரவில் பதநீர் தெளிவாகவும் இனிப்பாகவும் இருக்கும். குளிர் குறைந்தால் விரைவில் புளித்துவிடும். சில நாள் சீவியபின் மரத்துக்கு ஓய்வு கொடுத்து, வெட்டு உலர்ந்தபின் எடுக்கும் முதல் நாள் பதநீரே உயர்ந்தது. அதிலிருந்து காய்ச்சும் 'நோலேன் குட்' என்னும் புதுவெல்லம் இல்லாமல் வங்காளத்தில் தை மாத இனிப்புகள் இல்லை. ஆண்டுதோறும் எதிரெதிர்ப் பக்கங்களில் சீவுவதால் மரத்தண்டு வளைந்து வளைந்து ஏறும். அந்த வளைவுகளை எண்ணியே மரம் எத்தனை குளிர்காலம் உழைத்தது என்று சொல்லிவிடலாம்.

மேற்கே, கச்சு, ஜெய்சால்மர், பீகானேர், அபோகர் ஆகிய பகுதிகளில் பேரீச்சைச் சாகுபடி விரிவடைந்துள்ளது. இங்கே குளிர்காலம் மரத்துக்கு ஓய்வுக்காலம். பிப்ரவரி, மார்ச்சில் பாளை வெடிக்கும். ஆண் மரமும் பெண் மரமும் வெவ்வேறு என்பதால் மகரந்தத்தைக் கையாலேயே சேர்க்க வேண்டும். எட்டு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 156 மரங்கள் அமையும். பழம் முழுதும் கனியுமுன் பருவமழை வந்துவிடுவதால், 'டோக்கா' என்னும் செங்காய்ப் பருவத்திலேயே இனிப்பாக உண்ணத்தக்க பர்ஹீ போன்ற வகைகள் விரும்பப்படுகின்றன. காய்ப்பு நான்காம் ஆண்டு வாக்கில் தொடங்கும். ஆதலால் திருப்பிச் செலுத்தும் காலத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுமாறு மனுவிலேயே கேட்க வேண்டும். முதல் ஆண்டிலிருந்தே தவணை கட்ட ஒப்புக்கொண்டு, மரம் காய்க்குமுன் கைப்பொருளைக் கரைப்பது முறையன்று.

நம் மலையின் சொத்து

தாகில் மலையின் பனை இன்று எண்ணிக்கையில் குறைந்துவருகிறது. காடு சுருங்குவதும், மேய்ச்சலும், ஓலைக்காகவும் நாருக்காகவும் வெட்டுவதும் காரணங்கள். ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி என்பதால், ஒரு சரிவில் பெண் மரங்கள் மட்டும் எஞ்சினால் விதையே இராது. இவ்வினத்தின் விதை நெடுநாள் உயிர்ப்போடு இருப்பதுமில்லை; பறித்த சில மாதங்களுக்குள் விதைத்தாக வேண்டும்.

ஆகவே மலை நகரங்களில் வாழும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். காட்டிலிருந்து பெயர்த்த கன்று என்று எவரேனும் மலிவாகக் கொண்டுவந்தால் வாங்காதீர். விதையிலிருந்து முறையாக வளர்க்கும் நாற்றங்காலைத் தேடி, அங்கே ஆணும் பெண்ணுமாக இரண்டு மூன்று கன்றுகள் அமையும் வண்ணம் வாங்கி நடுக. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அவை விதை தரும். நாற்றங்கால் நடத்துவோர் தம் படுகைகளில் ஒரு பங்கை நம் மலைக்குரிய இனங்களுக்கு ஒதுக்கினால், தொழிலும் நடக்கும், இனமும் நிலைக்கும்.

சமவெளியில் வாழ்வோர் ஊர்ப் பாசத்தால் தென்னையையே நட விரும்பினால், அதைத் தொட்டியில் வைத்து, மார்கழியில் வீட்டுக்குள் எடுத்து வைக்கும் உழைப்புக்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அவ்வுழைப்பு இயலாதெனில், அந்த மண்ணின் மிகக் குளிர்ந்த இரவை விசாரித்தறிந்து, அதைத் தாங்கும் மரத்தைத் தேர்ந்து நடுவதே தக்கது. முற்றத்தில் ஒரு கன்றாயினும், ஒரு ஹெக்டேர் தோட்டமாயினும், அந்த விசாரணைக்கு ஆகும் செலவு ஏதுமில்லை. பக்கத்து வயலின் முதியவரிடம் ஒரு கேள்வி, ஜனவரி விடியலில் ஒரு நடை, அவ்வளவே.